லேபிளில் வருடத்துக்கு 225 அலகு என்று போட்டிருக்கிற பிரிட்ஜ், பில்லில் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

உவர்மலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். விளங்கினவர்கள் யாராவது சொல்லுங்கோ. கடையில் ஒன்று சொல்கிறார்கள், பக்கத்து வீட்டில் வேறொன்று சொல்கிறார்கள், எனக்கு எதை நம்புவது என்றே தெரியவில்லை.

நாங்கள் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் இருக்கிறோம். எங்கள் பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை நின்றுபோனது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களைக்கூடத் தாங்கின பெட்டி. கொம்பிரசர் போய்விட்டது, மாற்றுகிற காசுக்குப் புதிது பார்க்கலாம் என்றார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பிரிட்ஜ் இல்லாமல் சமாளித்து, மார்ச் கடைசியில் நகரத்தில் ஒரு கடையில் இந்தியாவில் செய்த இரட்டைக் கதவுப் பெட்டி ஒன்றைத் தவணைக்கு எடுத்தோம். 260 லீற்றர், ஐஸ் கட்டாத வகை. கதவில் நட்சத்திர லேபிள் ஒட்டியிருந்தது, அதில் மூன்று நட்சத்திரம், கீழே வருடத்துக்கு 225 அலகு என்று பெரிய எழுத்தில். கடைக்காரர் என் முன்னாலேயே கல்குலேற்றரில் 12ஆல் பிரித்துக் காட்டினார். மாதம் 19 அலகுகூட வராது தங்கச்சி, இது அரசாங்கம் சோதித்துப் போட்ட கணக்கு என்றார்.

பெப்ரவரி பில் 71 அலகு. அப்போது வீட்டில் பிரிட்ஜே இல்லை. மே மாத பில் 108. அதாவது 37 அலகு கூட, சொன்னதைப்போல இரண்டு மடங்கு! 90ஐத் தாண்டியதால் கடைசி அலகுகளுக்கு விலையும் கூட, மாதாந்த நிலைக் கட்டணமும் கூட. தவணைக் காசோடு சேர்த்துப் பார்த்தால் எங்களைப் போன்ற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த 225 என்பதை யார், எப்படிச் சோதித்துப் போடுகிறார்கள்? அந்தச் சோதனை விதியே பிழையா, இல்லை எங்களுக்கு வந்த பெட்டி பிழையா? பெட்டியைத் திருப்பிக் கொடு, சவூதியிலிருந்து மாமா கொண்டு வந்த பிரிட்ஜ் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அதை எடுப்போம் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறா. அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கோ.

சாம்பல்தீவு_கூலிங்:

தங்கச்சி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். சவூதிப் பெட்டியைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சவூதியில் கரண்டின் அதிர்வெண் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. இன்வேர்ட்டர் (மோட்டாரின் வேகத்தைத் தானே மாற்றுகிற பகுதி) இல்லாத சாதாரண கொம்பிரசர் அங்கே ஓடும் வேகத்தில் இங்கே ஓடாது, ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். வோல்ற்றேஜ் ஒத்துப்போனாலும் மோட்டார் சூடேறும், குளிர் குறையும், கொஞ்சக் காலத்தில் எரியும். இப்படி வந்த பெட்டிகள் கிண்ணியாவில் மட்டும் நான் நாலைந்து பார்த்திருக்கிறேன். கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் வருகிறவை 50தான், அவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும், வாங்க முதல் அதை வாசிக்க வேண்டும்.

இனி உங்கள் பில். பெப்ரவரியையும் மேயையும் வைத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள், அங்கேயே கணக்கு கொஞ்சம் சரிகிறது. பெப்ரவரியில் மாரி முடிந்த குளிர்ச்சி இருக்கும், இரவில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்திருப்பீர்கள். மேயில் கச்சான் என்கிற சூட்டுக் காற்று தொடங்கிவிடும். ஒரு சீலிங் ஃபேன் 70, 75 வோட்ஸ். அது நாளுக்கு ஐந்து மணித்தியாலம் கூட ஓடினாலே மாதத்துக்கு 11 அலகு. ஆகவே அந்த 37ஐயும் பிரிட்ஜின் தலையில் கட்ட முடியாது.

பிரிட்ஜ் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்துதான் பார்க்க வேண்டும். இரவு எல்லாச் சுவிட்சையும் நிறுத்திவிட்டு, பிரிட்ஜ் மட்டும் ஓட, மீற்றரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். காலையில் கதவைத் திறக்க முதல் திரும்ப எழுதுங்கள்.

இன்னும் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி விட்டிருக்கிறீர்கள்? உள்ளே குளிர்ப் பொத்தான் எந்த இலக்கத்தில் நிற்கிறது? ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவு றப்பரில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு மூலையிலும். பிடித்து வந்தால் சரி, வழுக்கி வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. புதுப் பெட்டியிலும் லொறியில் சரித்துக் கொண்டுவந்தபோது கதவு கொஞ்சம் விலகியிருக்கலாம்.

தூரத்துத்_திருமலையான்:

நான் பிறந்து வளர்ந்தது திருமலையில், இப்போது மெல்பேர்னில். வீட்டுச் சாமான்கள் சோதிக்கிற கூடம் ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தேன், அதில் பாதிக் காலம் பிரிட்ஜோடுதான். தங்கச்சி கேட்ட கேள்வி சரியான கேள்வி, கடைக்காரர்கள் இதை ஒருநாளும் விளக்குவதில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிரிட்ஜ் சோதனைக்கு இப்போது உலகில் பல நாடுகள் பின்பற்றுவது ஐ.ஈ.சி. எனும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62552 என்ற தரநிலை. 2007இல் ஒன்று வந்தது, 2015இல் அதைப் பெரிதாக மாற்றினார்கள். சோதனை அறை என்றால் ஒரு வீட்டுக் குசினியை நினைக்காதீர்கள். அறையின் வெப்பம் அரைப் பாகை அங்கே இங்கே போகாமல் பிடித்து வைத்த மூடிய அறை. காற்றுக்கூட அதிகம் அசையக் கூடாது, மணிக்கணக்காக அப்படியே இருக்கும். பிரிட்ஜுக்குள் தட்டு தட்டாக வெப்பநிலை உணரிகளை வைப்போம். ஒவ்வொன்றும் பித்தளையிலோ செம்பிலோ செய்த சின்ன உருளைக்குள் இருக்கும், சுண்டுவிரல் நுனியளவுதான். காற்று கொஞ்சம் அசைந்தவுடன் இலக்கம் துள்ளக் கூடாது என்பதற்காக அந்த உருளை. பிறகு கதவை மூடுவோம். அதற்குப் பிறகு சோதனை முடியும்வரை யாரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

இதுதான் முக்கியமான இடம். திறப்பதே இல்லை. உள்ளே சோறு இல்லை, மீன் இல்லை, சூடான பால் இல்லை. குளிர்ப் பகுதி சராசரி 4 பாகை, உறைபகுதி கழித்தல் 18 பாகை. அந்த நிலையில் நாளுக்கு எத்தனை அலகு என்று எடுக்கிறோம். பொத்தானைச் சரியாக 4 பாகையில் நிறுத்துவது கஷ்டம் என்பதால், கொஞ்சம் குளிராக ஒரு தடவை, கொஞ்சம் சூடாக ஒரு தடவை ஓட்டி, நடுவில் 4 பாகைக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிடுவோம். ஐஸ் கட்டாத பெட்டி என்றால் ஐஸைக் கரைக்கிற ஹீற்றர் எடுக்கிற கரண்டும் அந்தக் கணக்கில் வரும்.

அறையின் வெப்பம் எத்தனை? 2015 தரத்தில் இரண்டு தடவை அளக்க வேண்டும், 16 பாகையில் ஒன்று, 32 பாகையில் ஒன்று. அந்த இரண்டையும் எப்படிக் கலப்பது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும். ஐரோப்பாவில் பாதிப்பாதி. அதனால் ஐரோப்பிய லேபிளில் உள்ள வருடக் கணக்கு ஏறக்குறைய 24 பாகை வீட்டுக்கானது. திருமலையில் எந்தக் குசினி ஐயா 24 பாகையில் இருக்கிறது? மார்கழி மழையில் விடியப்புறம்கூட அபூர்வம். ஒரே பெட்டி 32இல் எடுக்கிற கரண்ட் 16இல் எடுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போகும். ஆகவே நம் ஊர் ஆட்கள் ஐரோப்பிய லேபிளைப் பார்த்து மாதக் கணக்குப் போடவே கூடாது. அமெரிக்காவில் ஒரே ஒரு வெப்பம், 90 பாகை பாரன்ஹைட், அதாவது 32க்குக் கொஞ்சம் மேல், அங்கேயும் கதவு மூடியபடிதான். 32இல் மூடிய கதவோடு அளந்தால் கதவு திறந்து மூடுகிற சராசரி வீட்டின் செலவுக்குக் கிட்ட வரும் என்பது அவர்களுடைய நியாயம். சராசரி 22 பாகையில் இருக்கிற வீட்டுக்கு அது சரி. வெளியே 35 பாகை அடிக்கிற ஊரில் அந்த ஈடு எங்கே மிஞ்சும்?

அப்படியென்றால் கதவைத் திறந்து மூடியே சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். ஜப்பான் அப்படிச் செய்தது. அவர்களுடைய 2006ஆம் ஆண்டுத் தரத்தில் நாளைக்குக் குளிர்ப் பகுதிக் கதவை 35 தடவையும் உறைபகுதிக் கதவை 8 தடவையும் திறந்து மூட வேண்டும். பிரச்சினை என்னவென்றால், கதவைத் திறந்தவுடன் அறையின் ஈரக் காற்று உள்ளே போகும், ஈரம் கொஞ்சம் மாறினால் விடை மாறும், ஒரு கூடத்தில் வந்த இலக்கம் இன்னொரு கூடத்தில் வருவது கஷ்டம். ஒரே பெட்டிக்கு இரண்டு கூடத்தில் இரண்டு விடை வந்தால் அரசாங்கம் எந்த விடையை வைத்து ஒரு கம்பனியைத் தடுக்கும்? அதனால்தான் மூடிய கதவு. அந்த இலக்கம் பெட்டியைப் பெட்டியோடு ஒப்பிடுவதற்கு. உங்கள் வீட்டு பில்லுக்கு வாக்குறுதி இல்லை. லேபிளிலேயே அதைச் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள், உண்மைப் பாவனை வேறுபடலாம் என்று. கடைக்காரர் அந்தச் சின்ன எழுத்தை வாசிக்காமல் 12ஆல் பிரித்துக் காட்டியிருக்கிறார், அதுதான் நடந்தது.

பாலையூற்று_88:

அண்ணா, நீங்கள் சொல்வது விளங்குகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதவு திறக்காத பிரிட்ஜ் உலகத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகள், தண்ணீர்ப் போத்தலுக்கு மட்டும் நாளைக்கு நாற்பது தடவை திறப்பார்கள். சனத்துக்குப் பயன்படாத இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, உண்மையைச் சின்ன எழுத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பனிக்காரர்களும் சோதனைக்கு ஏற்றமாதிரி மட்டும் பெட்டியைச் செய்ய மாட்டார்களா? சோதனையில் நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் வேறு பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மட்டும் பாடமாக்குகிற மாதிரி.

தூரத்துத்_திருமலையான்:

தம்பி, நீங்கள் பயப்படுகிறது நடந்ததுதான். 2010இல் இங்கே ஒஸ்திரேலியாவில் நுகர்வோர் அமைப்பொன்று பிரிட்ஜ்களை வாங்கிச் சோதித்தபோது, சில மொடல்கள் சோதனை அறையின் வெப்பத்தை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் கரண்டைக் குறைத்துக்கொண்டது பிடிபட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த விதியில், சோதனை நடப்பதை உணர்ந்து நடத்தையை மாற்றுகிற பெட்டியைச் சந்தைக்கு விடக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. 16இலும் 32இலும் இரண்டு தடவை அளப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது. ஒரு வெப்பத்துக்கு மட்டும் பெட்டியைச் செதுக்கிவிட்டு மற்றதில் தப்ப முடியாது.

உங்கள் பிள்ளைகள் போத்தல் வைக்கிற விஷயத்துக்கும் தரநிலையில் ஒரு சோதனை உண்டு. சாதாரண வெப்பத்தில் உள்ள தண்ணீரை உள்ளே வைத்து, அதைக் குளிராக்க எத்தனை அலகு கூடச் செலவாகிறது என்று அளக்கிற பகுதி. ஆனால் எல்லா நாடும் அதை லேபிள் இலக்கத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். நம் ஊர் போன்ற இடங்களில் வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

அதற்காக இந்த விதிகளால் பயன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் ஒரு சராசரிப் புதுப் பிரிட்ஜ் வருடத்துக்கு 1800 அலகு போல எடுத்தது. கலிபோர்னியா மாநிலம் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் முதல் எல்லை வைத்தது, பிறகு மத்திய அரசின் எல்லைகள் 1990, 1993, 2001, 2014 என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 2001 விதி வந்தபோது சராசரி 500க்கும் கீழே. பெட்டி சிறுத்துவிடவில்லை, பெருத்தது. கதவு மூடிய சோதனைதான், ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தியதால் கொம்பிரசரும் சுவர்ப் பஞ்சும் றப்பரும் திருந்தின. இன்று நாம் வாங்குகிற பெட்டிக்குள் அந்த ஐம்பது வருட உழைப்பு இருக்கிறது.

மூதூர்_தயிர்ச்சட்டி:

நான் வீட்டில் தயிர் போட்டு விற்கிறேன், வெயில் காலத்தில் ஐஸ் பக்கற்றும். இரண்டு பிரிட்ஜ், ஒரு டீப் ஃபிரீசர். கரண்ட் பில் என் கைக்காசில் நேரே விழுகிறபடியால் லேபிளைப் படிக்கப் பழகினேன். படித்தவர்கள் சொன்னதற்கு மேலே எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, நட்சத்திரத்தை மட்டும் எண்ணி வாங்காதீர்கள். இந்திய லேபிளில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரைக்கும் செல்லும் என்று போட்டிருக்கும். 2006இல் அவர்கள் இந்த லேபிளைத் தொடங்கினார்கள், ஐஸ் கட்டாத பெட்டிகளுக்கு 2010இல் கட்டாயமாக்கினார்கள், அதற்குப் பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை அளவுகோலை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். பழைய காலத்து ஐந்து நட்சத்திரமும் இப்போதைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றில்லை. கடையில் பின்பக்கம் தூசி படிந்து நிற்கிற பழைய ஸ்ரொக்கில் ஐந்து நட்சத்திரம் பார்த்து ஏமாந்த சனம் இருக்கிறது, நானும் ஒருத்தி. ஐரோப்பிய லேபிளும் அப்படித்தான், 2021 மார்ச்சில் ஏ முதல் ஜி வரை என்று திரும்ப எழுதினார்கள், முந்தி ஏக்குப் பக்கத்தில் மூன்று பிளஸ் போட்ட பெட்டிகள் இப்போது சி, டி, ஈ என்று நிற்கின்றன. பெட்டி கெட்டுப்போகவில்லை, அளவுகோல் மாறியது. அதனால் நான் அலகு இலக்கத்தைத்தான் பார்ப்பேன், அதையும் ஒரே அளவு லீற்றர் பெட்டிகளுக்குள் வைத்து. 400 லீற்றர் ஐந்து நட்சத்திரம், 190 லீற்றர் மூன்று நட்சத்திரத்தைவிடக் கூடக் கரண்ட் எடுக்கலாம். நட்சத்திரம் அந்தந்த அளவுக்குள் கொடுக்கிற மதிப்பு. மீற்றர் அதை அறியாது.

இரண்டாவது, பின்தகட்டில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்து இருக்கும். ரி (T) என்றால் 43 பாகை வரை தாங்கும், எஸ்.ரி (ST) என்றால் 38, என் (N) என்றாலும் எஸ்.என் (SN) என்றாலும் 32தான். என் மச்சாள் ஐரோப்பாவிலிருந்து சாமானோடு அனுப்பின பெட்டியில் என் (N) என்ற எழுத்து மட்டும் இருந்தது. வைகாசி ஆனியில் இங்கே வீசுகிற கச்சானுக்கு அது நிற்காமல் ஓடியது. மத்தியானம் தொட்டால் பக்கச் சுவர் சுடும், உள்ளே பால் திரிந்துபோகும். கடைசியில் அதை உடுப்பு வைக்கிற அலுமாரி ஆக்கினாள்.

தங்கச்சி, இரவுச் சோற்றை எப்படி வைக்கிறீர்கள்? சூடு ஆறாமல் பானையோடு வைத்தால் அந்தச் சூட்டை வெளியே தள்ளக் கொம்பிரசர் பாடுபடும். நான் தயிருக்குப் பாலைக் காய்ச்சி, உறை போட்டு, சட்டி வெளியே உறைந்து முழுவதும் ஆறின பிறகுதான் உள்ளே அடுக்குவேன். அப்படி மாற்றின மாதமே பில்லில் தெரிந்தது.

உவர்மலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒன்பது நாள் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு கூலிங் அண்ணா சொன்னமாதிரி எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஃபேன் இல்லாமல் படுக்க முடியாது என்று அம்மா விறாந்தையில் பாய் போட்டா, நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். பத்து மணிக்கு டோர்ச் அடித்து மீற்றரைப் பார்த்தபோது 4316.42. காலை ஐந்து மணிக்கு 4316.63. ஏழு மணித்தியாலத்தில் 0.21 அலகு. நாள் முழுக்க அப்படியே என்றால் 0.72, வருடத்துக்கு 263. லேபிளின் 225க்கு அவ்வளவு தூரம் இல்லை! அன்றைக்கு இரவு குசினிக்குள் 30 பாகை காட்டியது. அதைப் பார்த்தவுடன்தான் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது, பெட்டி பிழையில்லை என்று.

பிறகு அண்ணா தெரிந்த பெடியன் ஒருவன் மூலம் பிளக்கில் குத்துகிற சின்ன மீற்றர் ஒன்று கொடுத்துவிட்டார். எங்கள் வழக்கப்படி பாவித்து ஒரு முழு நாள், 0.98. மாதத்துக்கு 29 அலகு. மிச்சம் 8 அலகுதான் ஃபேனும் மற்றதும். ஆக அந்த 37இல் பிரிட்ஜின் பங்கு 29. கடைக்காரர் சொன்ன 19 இல்லை, நான் பயந்த 37உம் இல்லை.

இனி, நாங்கள் என்ன பிழை விட்டோம் என்பது. பெட்டியைச் சுவரோடு ஒட்ட வைத்திருந்தோம், ஒரு பக்கம் அரிசி மூட்டை முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சுவர் மேற்குப் பக்கம், பின்னேர வெயில் முழுக்க அதில்தான் விழும், ஐந்து மணிக்குக் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். இதுவரை யோசிக்கவே இல்லை. குளிர்ப் பொத்தானைக் கடை ஆள் உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார், அதை நடுவுக்குக் கொண்டுவந்தோம், பால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து ரூபாய்த் தாள் மூன்று மூலையில் பிடித்தது, கீழ்க் கதவின் பிணைச்சல் பக்கக் கீழ்மூலையில் மட்டும் வழுக்கி வந்தது. பெட்டியை உட்சுவருக்கு மாற்றி, ஒரு சாண் இடைவெளி விட்டு, மூட்டையை அறைக்குள் எடுத்த பிறகு நேற்று ஒரு நாள் அளந்தேன், 0.81.

பின்தகட்டையும் பார்த்தேன் அக்கா, எங்கள் பெட்டி ரி வகுப்புத்தான்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்கவில்லை, ஆனால் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். இனி யாருக்கும் 12ஆல் பிரித்துக் காட்டாதீர்கள், இந்த ஊர் வெயிலுக்கு அது வராது, பாதியாவது கூடப் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் லேபிளைக் கிட்டப் போய்க் குனிந்து வாசித்தார். அந்தச் சின்ன எழுத்தை இதுவரை வாசித்ததில்லை என்று சொன்னார். ஏமாற்ற நினைத்த ஆள் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். நேற்றைய 0.81ஐ அப்படியே நம்பலாமா? முந்தின நாள் 0.76 என்று வந்தது, பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை.

சாம்பல்தீவு_கூலிங்:

ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள் தங்கச்சி. ஐஸ் கட்டாத பெட்டியில் உள்ளே படிகிற பனியைக் கரைக்க ஹீற்றர் ஒன்று அவ்வப்போது எரியும். ஒரு நாளில் ஒரு தடவை வரும், இன்னொரு நாளில் இரண்டு தடவை வரும், கதவு எத்தனை தடவை திறந்தீர்கள், எவ்வளவு ஈரம் உள்ளே போனது என்பதைப் பொறுத்தது. நீங்கள் இரவில் அளந்த அந்த ஏழு மணித்தியாலத்தில் ஹீற்றர் வராமலே போயிருக்கவும் கூடும், அதனால் அந்த 0.72ஐயும் கொஞ்சம் கூட்டித்தான் எடுக்க வேண்டும். சோதனைக் கூடத்தில் ஒரு தடவை கரைந்து முடிந்ததிலிருந்து அடுத்தது முடியும்வரை சேர்த்து எடுக்கிறார்கள், நீங்கள் அந்த மீற்றரை ஒரு கிழமை அப்படியே விட்டுவிட்டு ஏழால் பிரியுங்கள். பெடியனுக்கு இப்போது அவசரம் இல்லை.

இன்னொன்று, மாரி தொடங்கினபிறகு திரும்ப ஒரு கிழமை அளந்து இங்கே போடுங்கள். வெப்பம் குறையும், ஆனால் ஈரம் கூடும், பனி அதிகம் படியும். இரண்டும் சேர்ந்து எங்கே நிற்கிறது என்று எனக்கும் பார்க்க ஆசை. நான் திருத்தப் போகிற வீடுகளில் ஒருவரும் இப்படி எழுதி வைப்பதில்லை.

அந்தக் கீழ்மூலை றப்பரை மாற்ற வேண்டாம், புது றப்பர்தான், மடிந்து கிடக்கிறது. கொதிதண்ணீரில் நனைத்த துணியை அந்த மூலையில் நாலைந்து நிமிடம் பிடித்து, விரலால் வெளியே இழுத்துவிட்டுக் கதவை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளை வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் பிணைச்சல் ஆணியைக் கொஞ்சம் தளர்த்திக் கதவை நிமிர்த்த வேண்டும், அதை நீங்கள் செய்ய வேண்டாம். உத்தரவாதக் காலம் இருக்கிறபடியால் கடையாலேயே ஆள் வர வேண்டும், பில்லோடு போய்க் கேளுங்கள்.

உவர்மலைக்காரி:

துணி வைத்தேன் அண்ணா, காலையில் தாள் பிடிக்கிறது. மீற்றர் ஒரு கிழமைக்கு இங்கேயே நிற்கட்டும். சவூதிப் பெட்டியை மாமா நேற்று வந்து பிரித்துப் பார்த்தார், தகட்டில் 60 என்றுதான் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, போய்த் தேத்தண்ணீர் ஊற்றினா.